அம்பாசடரும் ஒரு டைமிங் செயினும்

சரக்... சரக்... சரக்...

2023 டிசம்பரில் ஒரு குளிர்கால காலை. தெற்குக் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். பானெட்டுக்குள் இருந்து யாரோ சில்லறையைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அடங்குகிறது, விட்டால் மறுபடி ஆரம்பிக்கிறது.

மாடியில் இருந்து தங்கமணி எட்டிப் பார்த்து, "என்னங்க, காலங்காத்தால தையல் மிஷின் ஓடுது?" என்றார். "ஒண்ணுமில்ல, குளிரு" என்று சமாளித்தேன். ஆனால் எனக்குத் தெரியும். அது குளிர் இல்லை, டைமிங் செயின்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன். வங்கி வேலையில் மாற்றலாகி 1998-ல் கொல்கத்தா வந்தேன். மூன்று வருஷம், அப்புறம் ஊர்ப்பக்கம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மூன்று வருஷம் இன்னும் முடியவில்லை :-) 2006-ல் பக்கத்துத் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற டாக்டர் தன் வண்டியை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். 1984 மாடல், மார்க் 4 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். வெள்ளை நிறம், பின் சீட்டில் கொக்கிப் பின்னல் விரிப்பு. அவர் விலை சொன்னார், நான் பேரம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பரீட்சை உண்டு. முதல் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அதன்பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் காருக்கு 600 ரூபாயில் இருந்து 5000 ஆனது. என் வண்டிக்கு 2024-ல் புதுப்பிப்பு. தையல் மிஷின் சத்தத்தோடு ஆய்வாளர் முன்னால் போய் நின்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தங்கமணியோ, "இந்தத் தடவை புதுப்பிக்க முடியலேன்னா குடுத்துடுங்க, நானும் சண்டை போட மாட்டேன்" என்று சாந்தமாகச் சொல்லிவிட்டார். அந்த சாந்தம்தான் பயமாக இருந்தது.

டைமிங் செயின் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இன்ஜினுக்குள் பிஸ்டன்கள் ஏறி இறங்கிச் சுற்றுவது கிராங்க் ஷாஃப்டை. பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே விடவும் புகையை வெளியே தள்ளவும் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். தவிலுக்கும் ஜால்ராவுக்கும் உள்ள உறவு இது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால்தான் கேமின் பல்சக்கரத்தில் கிராங்கின் சக்கரத்தைப் போல இரண்டு மடங்கு பற்கள். இரண்டையும் கட்டிப் போட்டிருப்பது அந்தச் செயின். செயின் தளர்ந்தால் ஜால்ரா தாளம் தப்பும். வண்டி இழுக்காது, பெட்ரோல் குடிக்கும், சத்தம் போடும்.

இந்தச் செயினின் பூர்வீகத்தைத் தேடப் போனதில்தான் எனக்குப் பல ராத்திரிகள் போயின.

சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரில் பிறந்த ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1873-ல் பிழைப்புத் தேடி இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு வந்தார். அங்கே பஞ்சாலை இயந்திரங்களுக்குச் செயின் செய்யும் ஒரு சின்னப் பட்டறையை 1879-ல் விலைக்கு வாங்கினார். அப்போதைய செயின்களில் ஒரு கோளாறு. மெல்லிய தகடுகள் நேரடியாக ஊசி போன்ற பின்னில் உரசும். பாரம் முழுக்க அந்த மெல்லிய விளிம்பில் விழுவதால் சீக்கிரம் தேய்ந்துவிடும். ரெனால்ட் பின்னுக்கு வெளியே ஒரு சின்னக் குழாயை (புஷ்) நுழைத்தார். உரசல் குழாயின் முழு நீளத்துக்கும் பரவியது. அதற்கும் வெளியே சுற்றும் உருளை, பல்லோடு உரசாமல் உருண்டுபோக. 1880-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு நம் சைக்கிளில், பைக்கில், கரும்பு ஆலையில் ஓடும் எல்லா உருளைச் செயினும் அதன் வாரிசுதான். வேலை தேடி வேற்று ஊருக்கு வந்த ஒரு ஆள் செய்தது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் :-)

"செயின் நீண்டு போச்சு" என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். உண்மையில் இரும்புத் தகடு ஒன்றும் ரப்பர் மாதிரி நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் மயிரிழை அளவு தேய்கின்றன. அத்தனை கண்ணியின் மயிரிழையும் சேரும்போது மொத்த நீளம் கூடிவிடுகிறது.

செயினை விட்டு இன்ஜினுக்கு வருவோம். 1952-ல் இங்கிலாந்தில் பரம வைரிகளான ஆஸ்டினும் மாரிஸும் (நஃபீல்ட் குழுமம்) இணைந்து பி.எம்.சி. என்ற கம்பெனி ஆனார்கள். அவர்களின் 'பி-சீரிஸ்' இன்ஜின் 1489 சிசி அளவில் 1953-ல் எம்.ஜி. மேக்னெட்டிலும், 1954-ல் ஆஸ்டின் ஏ50, மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 2 கார்களிலும் வந்தது. அதே குடும்பத்தின் பெரிய அண்ணன், 1798 சிசி, 1962-ல் எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் ஏறி 1980 வரை ஓடியது. எம்.ஜி.பி.யை இன்றும் பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்து வைத்து ரசிக்கிறார்கள். அவர்கள் கொஞ்சும் இன்ஜினும், ஹவுரா பாலத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்ற நம் வெள்ளை யானையின் இன்ஜினும் பங்காளிகள். எம்.ஜி.பி.யின் ஒர்க்ஷாப் மேனுவலை வைத்துக்கொண்டு என் அம்பாசடரை முக்கால்வாசி பிரித்து மாட்டலாம். நம்பமாட்டீர்கள், அதைத்தான் செய்தேன்.

பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கியது. 1948-ல் கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதிக்கரையில் இருக்கும் உத்தர்பாடாவுக்குக் குடிபெயர்ந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3-ன் அச்சுகள் இங்கே வந்து, 1957-58-ல் அம்பாசடர் பிறந்தது. முதலில் பழைய சைடு-வால்வு இன்ஜின், 1959-ல் 1489 சிசி பி-சீரிஸ். இங்கிலாந்தில் சீரிஸ் 3 உற்பத்தி அதே 1959-ல் நின்றுவிட்டது. தாய்வீட்டில் விளக்கு அணைந்த வருஷம் இங்கே அடுப்பு பற்ற வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் மாறவே இல்லை? "சோம்பேறிக் கம்பெனி, லைசென்ஸ் ராஜ்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். நானும் கல்லூரிக் காலத்தில் அப்படித்தான் பேசித் திரிந்தேன். கொஞ்சம் வரிசையாகப் பார்த்தால் படம் மாறுகிறது. 1953-ல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரைப்படி, பாகங்களை உள்ளூரிலேயே செய்யும் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இனி இடம் என்று அரசு சொன்னது. பெட்டியில் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே முடுக்கி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டினார்கள். கார் என்று மிஞ்சியது மூன்று பேர்: கொல்கத்தாவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், நம் சென்னையில் ஸ்டாண்டர்ட். 1959-ல் கார் யாருக்கு எப்போது என்பதற்கே ஒரு கட்டுப்பாட்டு ஆணை. 1969-ல் விலைக்கும் கட்டுப்பாடு. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள் ஜனங்கள். விலையை ஏற்ற முடியாது, அன்னியச் செலாவணி கிடையாது, செய்ததெல்லாம் தானாக விற்றுப்போகும். இந்த நிலையில் புது இன்ஜினுக்கு யார் காசு செலவழிப்பார்கள்? சோம்பேறித்தனம் இல்லை என்று சொல்லவில்லை. சோம்பேறித்தனத்துக்கு எல்லா வசதியும் செய்து கொடுக்கப்பட்டிருந்தது என்கிறேன்.

ஆனால் அதே ஆணை இன்னொன்றையும் செய்தது. பாகத்தை இங்கேயே செய் என்றதும், நாடு முழுக்கப் பட்டறைகள் முளைத்தன. பிஸ்டன், கேஸ்கெட், பேரிங், செயின் என்று ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஊரில் கற்றுக்கொண்டார்கள். கோயம்புத்தூரில் 1937-ல் பஸ் விட ஆரம்பித்த எல்.ஜி.பி. பிற்பாடு 'ரோலான்' செயினுக்குப் பேர் வாங்கியது. அம்பத்தூரில் 1960-ல் அமெரிக்கக் கூட்டோடு டி.ஐ. டைமண்ட் செயின் வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, ஜப்பான்காரர்கள் சொன்ன தரத்துக்கு ஏறிப்போவதற்கு இந்தப் பட்டறைகளில் பலவும் தயாராக இருந்தன. வேடிக்கை என்னவென்றால், மாருதி 800-ல் டைமிங் செயின் கிடையாது, பல் வைத்த ரப்பர் பெல்ட். ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி 1962-ல் பெல்ட்டை உற்பத்திக் காரில் போட்டதில் இருந்து அது பரவியது. பெல்ட் சத்தம் போடாது, விலை குறைவு, எண்ணெய் கேட்காது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துபோகும். செயின் அப்படி இல்லை, பல மாசம் புலம்பிவிட்டுத்தான் போகும். எங்கள் வீட்டுப் பெரியவர்களைப் போல.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

முதலில் வியாதி இதுதானா என்று உறுதி செய்ய வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரோட்டரைப் பார்த்துக்கொண்டே கிராங்கைக் கையால் முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கேம் ஷாஃப்டில் இருந்து சுற்றுவது. கிராங்க் திரும்பியும் ரோட்டர் அசையாமல் தூங்கினால் நடுவில் செயின் தொங்குகிறது என்று அர்த்தம். என் ரோட்டர் நன்றாகவே தூங்கியது.

ஏழெட்டு வருஷம் முன்பு ஒரு ஒர்க்ஷாப்பில் இதே முன்பக்க மூடியைத் திறந்து, ஆயில் சீலைக் கோணலாக அடித்து, ஆறு மாசம் வாசலில் எண்ணெய்க் கோலம் போட வைத்தார்கள். அதனால் இந்தத் தடவை நானே செய்வதென்று முடிவு. துணைக்கு சாச்சா.

சாச்சா பீகாரின் சப்ராக்காரர். பத்தொன்பது வயதில் கொல்கத்தா வந்து, பவானிபூர்ப் பக்கம் ஒரு மரத்தடியில் டாக்ஸி இன்ஜின் பார்த்தே நாற்பத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டார். இப்போது கண்ணில் புரை. 2008-ல் 15 வருஷம் தாண்டிய வணிக வாகனங்களை நிறுத்தச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2014 மே மாதம் உத்தர்பாடாவில் உற்பத்தி நின்றது. புது அம்பாசடர் டாக்ஸி வருவதில்லை, பழையது ஒவ்வொன்றாகப் போகிறது. மரத்தடியில் கூட்டமும் குறைந்துவிட்டது. "நான் கையால எதையும் தொட மாட்டேன் பாபு, உக்காந்து சொல்றேன். நீ கத்துக்கோ" என்றார். எனக்கு வயது அப்போது ஐம்பத்தாறு. கற்றுக்கொள்ளச் சொல்ல ஆள் இருப்பதே ஒரு பாக்கியம்.

செயின் வாங்க மல்லிக் பஜார் போனேன். கொல்கத்தாவில் கழற்றிப் போட்ட கார்களின் ஆவிகள் உலவும் இடம். கடைக்காரர் ஏணி வைத்துப் பரணில் ஏறி ஒரு பெட்டியைத் தூசி தட்டி எடுத்தார். திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் கோயம்புத்தூர் முகவரி. "தாதா, இது எங்க ஊர்ப்பக்கம்" என்றேன். (பயப்படாதீர்கள், இங்கே அண்ணனுக்குத்தான் தாதா என்று பெயர்.) அவர் விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை.

காலை எட்டு மணிக்குப் பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, ஹோஸ்களை உருவி, ரேடியேட்டரையே தூக்கி வெளியே வைத்தாயிற்று. அம்பாசடரின் பானெட்டுக்குள் ஒரு ஆள் இறங்கி நிற்கலாம் என்பது மிகை இல்லை. ஃபேன் பெல்ட், ஃபேன். அடுத்தது கிராங்க் புல்லியின் பெரிய நட்டு. ஹேண்டில் போட்டுச் சுற்றும் கொக்கி அதில்தான் இருக்கிறது. அதன் பூட்டு வாஷரின் மடிப்பை உளியால் நிமிர்த்தி, வண்டியை டாப் கியரில் போட்டு, தங்கமணியை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி, நீள ஸ்பேனரில் சுத்தியலால் ஒரே போடு. மூன்றாவது அடியில் அசைந்தது. "நான் எதுக்கு மிதிக்கிறேன்னு சொல்லிட்டு அடிங்க" என்று உள்ளிருந்து குரல்.

முன்மூடியைத் திறந்ததும் பழைய எண்ணெயின் வாசனை. எண்ணெய்த் தடுப்புத் தட்டு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதை செல்ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன் (திருப்பி மாட்டினால் மூடியில் உரசும்). கழற்றும் முன்பே கிராங்கைச் சுற்றி, இரண்டு பல்சக்கரத்திலும் குத்தியிருக்கும் புள்ளிகள் ஒன்றை ஒன்று பார்க்கும்படி நிறுத்தியாயிற்று. இரண்டு சக்கரத்தையும் செயினோடு சேர்த்தே மெல்ல நெம்பி எடுக்க வேண்டும்.

பழையதையும் புதியதையும் பக்கவாட்டில் படுக்கவைத்து ஒரு முனையைப் பிடித்துத் தூக்கச் சொன்னார் சாச்சா. புதிய செயின் குச்சி போல நின்றது. பழையது வாடிய முருங்கைக்காய் போல வளைந்து தொங்கியது. "நாப்பது வருஷம் ஓடின முதுகு" என்று சிரித்தார்.

மாட்டும்போதுதான் தப்பு செய்தேன். கிராங்கின் சாவிப்பள்ளம் நேர் மேலே, கேமின் சாவிப்பள்ளம் கடிகாரத்தில் ஒரு மணி இருக்கும் திசையில். புள்ளியும் புள்ளியும் நேருக்கு நேர் இருக்கும்படி இரண்டு சக்கரத்திலும் செயினைக் கோர்த்து, சேர்த்தே உள்ளே தள்ள வேண்டும். தள்ளினேன். போய் உட்கார்ந்தது. குனிந்து பார்த்தேன். புள்ளிகள் கிட்டத்தட்ட நேராக இருந்தன.

"சரியா இருக்கா பாபு?"

"கிட்டத்தட்ட சரி சாச்சா."

அவர் ஸ்டூலில் இருந்து எழுந்தார். ஹேக்ஸா பிளேடு ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு ஷாஃப்டின் மையத்துக்கும் குறுக்கே அளவுகோல் மாதிரி வைத்தார். கண் தெரியாது என்று சொன்னேன் அல்லவா, கட்டைவிரல் நகத்தால் புள்ளியைத் தேடித் தடவினார். "கீழ்ப்புள்ளி பிளேடுல இருக்கு. மேல்ப்புள்ளி இல்ல. ஒரு பல்லு தள்ளிப் போயிருக்கு. கழட்டு."

மணி இரண்டு. பசி. முதுகு. வண்டி இப்படியே ஸ்டார்ட் ஆகும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு பல் தள்ளியும் இன்ஜின் ஓடும், இழுவை இல்லாமல், சூடேறி. ஆய்வாளர் கண்டுபிடிக்காமலும் போகலாம். அதைச் சொன்னேன். சாச்சா கோபப்படவில்லை. "டாக்ஸிக்காரன் என்னை நம்பி வண்டிய விட்டுட்டுப் போவான். அவனுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. மூடிய மாட்டிட்டா அப்புறம் எனக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

கழற்றினேன். மறுபடி கோர்த்தேன். இந்த முறை பிளேடு இரண்டு புள்ளி மேலேயும் படுத்தது. அதன்பிறகும் விடவில்லை. கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, புள்ளிகள் திரும்பவும் சந்திக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னார். சந்தித்தன. புது கேஸ்கெட், புது ஆயில் சீல். புல்லியை மாட்டி சீலை நடுவில் உட்காரவைத்து, அப்புறம்தான் மூடியின் போல்ட்டுகளை இறுக்கினோம். போன ஒர்க்ஷாப்பில் விட்டது இந்த ஒரு வேலையைத்தான்.

சாயந்திரம் ஐந்தரை. தண்ணீர் நிரப்பி, பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் சுற்றவிட்டு, எண்ணெய் மேலேறியதும் பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். இரண்டாம் திருப்பில் பிடித்தது. சரக் சரக் இல்லை. சந்தில் நின்றிருந்த பெங்காலிப் பெரியவர்கள் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். மாடியைப் பார்த்தேன். தங்கமணி கையில் மூன்று டம்ளர் ஃபில்டர் காபி.

சாச்சா பணம் வாங்க மறுத்தார். கட்டாயப்படுத்தியதும் பாதி வாங்கிக்கொண்டார். போகும்போது பழைய செயினைக் கேட்டார். எதற்கு என்றேன். ஊரில் பேரன் இருக்கிறானாம், தாத்தா கொல்கத்தாவில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் காட்டுவதற்கு. துணியில் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

2024-ல் வண்டிக்குப் புதுப்பிப்பு கிடைத்தது. அந்தப் பூஜா விடுமுறைக்கு முன்பே சாச்சா சப்ராவுக்குப் போய்விட்டார். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக ஃபோனில் சொன்னார். ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி வண்டி எப்படி ஓடுகிறது என்பதுதான். "சரியா ஓடுது சாச்சா" என்பேன். கிட்டத்தட்ட என்று சொல்வதில்லை.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் டைமிங் செயின் மாற்றக் கிளம்பினால், பிரேக்கை மிதிக்க உட்காரும் ஆளிடம் முன்கூட்டியே காரணத்தைச் சொல்லிவிடவும்.